ரத்னகிரியில் முடிந்த பர்மிய அரச வம்சம்

பர்மாவின் கடைசி மன்னர் திபா 1886 ஏப்ரல் 16 அன்று ரத்னகிரிக் கடற்கரையில் இறங்கினார். அன்று அவருக்கு வயது 27. உடன் வந்தவர்கள் பட்டத்து ராணி சுபயாலத், ராணியின் தங்கையும் மன்னரின் இளைய மனைவியுமான சுபயாகலே, இரண்டு சிறு பெண்கள், ஒரு மாதக் கைக்குழந்தை ஒன்று, சில பணியாட்கள். மறு ஆண்டில் ரத்னகிரியிலேயே நான்காவது பெண் பிறந்தாள். மன்னர் அங்கிருந்து திரும்பவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரில் கைதியாக வாழ்ந்து, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானார்.

இன்றைய மகாராஷ்டிர வரைபடத்தில் ரத்னகிரி புனேவுக்குத் தெற்கே, சஹ்யாத்ரி மலைத்தொடருக்கு அப்பால் இருக்கிறது. கொங்கண் ரயில் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், பம்பாயிலிருந்து நீராவிக் கப்பலில் வருவதுதான் அந்த ஊருக்கு எளிய வழி. மழைக்காலத்தில் அந்தப் போக்குவரத்தும் நின்றுவிடும். ஒரு மன்னரை உலகின் கண்ணிலிருந்து மறைக்க நினைத்த அரசுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைத்திருக்காது.

திபாவின் கொன்பாவுங் வம்சத்தை 1752-ல் தொடங்கியவர் அலாவுங்பயா. ஏறத்தாழ நூறு ஆண்டில் அந்த வம்சம் நாட்டின் பாதியைப் பிரிட்டிஷாரிடம் இழந்தது. 1824-26 போரில் அரக்கானும் தெனாசரிமும் போயின. 1852 போரில் பெகு போயிற்று. ரங்கூன் துறைமுகமும் கடலுக்கான வழியும் அதோடு போயின. எஞ்சிய மேல்பர்மாவைத் திபாவின் தந்தை மிண்டோன் 1853 முதல் ஆண்டார். மாண்டலே நகரை எழுப்பியவர் அவரே. பிரிட்டிஷாரோடு மோதாமல், மிகுந்த நிதானத்தோடு கால் நூற்றாண்டு காலம் அரசை நடத்தினார். ஆனால் தனக்குப் பின் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 1878 அக்டோபரில் இறந்துபோனார்.

மிண்டோனுக்குப் பல மனைவிகள், பல பிள்ளைகள். திபா அவர்களில் முன்வரிசையில் இருந்தவரல்லர். மடத்தில் துறவாடை அணிந்து பௌத்த நூல்களைக் கற்று, தேர்விலும் தேறியிருந்த இளைஞர் அவர். அடக்கமானவர், சொன்னதைக் கேட்பவர் என்பதாலேயே அரண்மனையின் செல்வாக்குமிக்க ராணி சின்பியுமாஷின் அவரைத் தேர்ந்தெடுத்தார். தன் மகள் சுபயாலத்தை அவருக்கு மணம் முடித்தார். மணமக்கள் இருவரும் மிண்டோனுக்கே பிறந்தவர்கள், தாய்மார் மட்டும் வேறு. அரச இரத்தம் வெளியே போகக் கூடாது என்று மாற்றுத்தாய்ப் பிள்ளைகளை மணப்பது அந்த வம்சத்தின் வழக்கம். இந்த வழக்கம் பின்னால் ரத்னகிரியில் நான்கு பெண்களின் வாழ்க்கையைக் கட்டிப்போட்டது.

1879 பிப்ரவரியில் மாண்டலே அரண்மனைக்குள் பெரும் படுகொலை நடந்தது. அரியணைக்கு உரிமை கோரக்கூடிய இளவரசர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 80 பேர் கொல்லப்பட்டனர். திபா நேரில் ஆணையிட்டாரா, ராணியும் ராணியின் தாயும் அமைச்சர்களும் அவர் பெயரால் செய்தார்களா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யார் செய்திருந்தாலும், அந்த இரத்தம் அவர் ஆட்சியின்மேல்தான் படிந்தது. பின்னாளில் அவர் பட்ட துன்பத்தைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்வது, கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி.

படுகொலை பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்குத் தீனியாயிற்று என்றாலும், போருக்குக் காரணம் அதுவன்று, தேக்கும் பிரான்ஸும்தான். பம்பாய் பர்மா வாணிபக் கழகம் மேல்பர்மாவின் காடுகளில் தேக்கு வெட்டி வந்தது. வெட்டிய மரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி வரி ஏய்த்ததாக மாண்டலே அரசு 1885 ஆகஸ்டில் அந்தக் கம்பெனிக்கு ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் மாண்டலே பிரான்ஸோடு ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவிலிருந்து மேற்கே நகர்கிறார்களோ என்ற அச்சம் லண்டனில் பரவியது. வைஸ்ராய் டஃபரின் அக்டோபர் 22 அன்று இறுதி எச்சரிக்கை அனுப்பினார். பர்மாவின் வெளியுறவை இனி பிரிட்டிஷ் இந்தியாவே கவனிக்கும் என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. தன்மானமுள்ள எந்த மன்னரும் ஏற்க முடியாத நிபந்தனை அது.

போர் இரண்டு வாரத்தில் முடிந்தது. படையை நடத்திய ஜெனரல் பிரெண்டர்காஸ்ட் சென்னையில் பிறந்தவர், மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். அவரோடு போன சிப்பாய்களிலும் மதராஸ் படையினர் கணிசமாக இருந்தனர். நவம்பர் 14 அன்று எல்லை தாண்டிய படை, ஐராவதி நதியில் கப்பல்களில் ஏறிச்சென்று நவம்பர் 28 அன்று மாண்டலேயை அடைந்தது. மறுநாள் மன்னர் சரணடைந்தார். அவரையும் ராணிகளையும் மாட்டுவண்டியில் ஏற்றி, தெருவெல்லாம் மக்கள் திரண்டு பார்க்க, ஆற்றுத்துறையில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். யானையும் பல்லக்கும் தவிர வேறெதிலும் ஏறாத ஒரு குடும்பத்தை அப்படி ஊர்வலம் கொண்டுபோனது அந்நகரத்தார் தலைமுறைகளுக்கும் மறக்காத அவமானம். 1886 ஜனவரி 1 அன்று மேல்பர்மா பிரிட்டிஷ் பேரரசோடு இணைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அன்று திபாவின் 27-ஆவது பிறந்தநாள்.

குடும்பம் முதலில் வந்து சேர்ந்த இடம் சென்னை. 1885 டிசம்பர் நடுவிலிருந்து 1886 ஏப்ரல் வரை அங்கே காவலில் இருந்தனர். மாண்டலேயை விட்டுக் கிளம்பும்போதே ராணி கருவுற்றிருந்தார். மூன்றாவது மகள் மார்ச் 7 அன்று சென்னையில் பிறந்தாள். பர்மிய அரச வம்சத்தின் ஓர் இளவரசிக்குச் சென்னைதான் பிறந்த ஊர் என்பது தமிழ்நாட்டில் அநேகமாக எவரும் நினைவில் வைத்திராத செய்தி. ஆனால் சென்னைக்கும் ரங்கூனுக்கும் இடையே அன்று கப்பல் போக்குவரத்து அதிகம். மன்னரோடு யாராவது தொடர்பு கொண்டுவிடலாம். ஆகவே மேற்குக் கடற்கரைக்கு மாற்றினார்கள்.

பதவி இழந்த மன்னரை அவர் ஆண்ட நாட்டிலிருந்து தொலைவுக்கு அனுப்புவது பிரிட்டிஷார் பலமுறை கையாண்ட வழி. 1815-ல் பிடிபட்ட கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832-ல் அங்கேயே இறந்தார். திப்பு சுல்தானின் பிள்ளைகளும் அதே கோட்டையில்தான் இருந்தனர். 1806-ல் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அந்தக் குடும்பத்தின் பெயரே கொடியாக உயர்ந்தது. அதன் பிறகு அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். தோற்ற அரசனை அவன் மக்கள் இருக்கும் மண்ணுக்கு அருகில் வைத்தால் என்ன ஆகும் என்பதை வேலூர் காட்டிவிட்டது. 1857 எழுச்சிக்குப் பிறகு கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபரை ரங்கூனுக்கு அனுப்பினார்கள். டெல்லியின் அரசர் 1862-ல் பர்மிய மண்ணில் அடங்கினார். பர்மாவின் அரசர் பின்னர் இந்திய மண்ணில் அடங்கினார்.

ரத்னகிரியில் குடும்பத்துக்கு முதலில் கிடைத்தது பழைய பங்களா வாசம். சிறைக்கம்பிகள் இல்லை. ஆனால் போலீஸ் காவல் எப்போதும் உண்டு. வெளியே போவதற்கும், எவரையேனும் சந்திப்பதற்கும், கடிதம் அனுப்புவதற்கும் அனுமதி வேண்டும். செலவுக்கு அரசு மாதந்தோறும் பணம் கொடுத்தது. அரண்மனையில் காசைக் கையால் தொட்டறியாத குடும்பத்துக்கு அது போதவில்லை. உள்ளூர் வணிகர்களிடம் கடன் ஏறியது. மாண்டலேயிலிருந்து கொண்டுவந்த மாணிக்கங்களும் நகைகளும் ஒவ்வொன்றாக விலைபோயின. இடையில் நின்று விற்றுக்கொடுத்தவர்களிடம் ஏமாந்ததும் உண்டு.

திபா ஆண்டுக்கணக்கில் மனு எழுதினார். உதவித்தொகையை உயர்த்தக் கேட்டார். மாண்டலே வீழ்ந்த இரவில் பத்திரமாக வைக்கச் சொல்லி கர்னல் ஸ்லேடனிடம் ஒப்படைத்த நகைகள் என்ன ஆயின என்று கேட்டார். அவற்றில் ஙா மௌக் என்ற பெயர்பெற்ற பெரிய மாணிக்கமும் இருந்ததாக அரச குடும்பம் கடைசிவரை சொல்லி வந்தது. அது திரும்பக் கிடைக்கவே இல்லை. இந்த மனுக்கள் ரத்னகிரி கலெக்டர் வழியாகப் பம்பாய் கவர்னருக்குப் போகும். மழைக்காலத்தில் கவர்னர் தங்குவது புனேயின் கணேஷ்கிண்ட் மாளிகையில். இன்று சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகம் இருக்கும் அதே கட்டடம்தான். ஒரு மன்னர் வீட்டுச் செலவுக்கும் மகள்களின் திருமணத்துக்கும் ஒரு மாகாண கவர்னரிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது என்பதிலேயே அந்தச் சிறையின் தன்மை விளங்கும்.

மன்னர் அமைதியாகப் பேசக்கூடியவர், ஊர் மக்களிடம் தாராளமாக நடந்துகொண்டவர். பௌத்த நெறியில் மனம் ஊன்றியிருந்தார். ராணி வேறு மாதிரி. பணிப்பெண்கள் தன் முன் மண்டியிட்டுத்தான் வர வேண்டும் என்ற அரண்மனை முறையை வாடகைப் பங்களாவிலும் கைவிடவில்லை. அதை ஆணவம் என்று மட்டும் எழுதியவர்கள் உண்டு. ஆனால் எல்லாம் பறிபோன பிறகு அவர் கையில் மிஞ்சியிருந்தது அந்த முறை ஒன்றுதான்.

ரத்னகிரியில் பிறந்த பால கங்காதர திலகர், புனேயிலிருந்து வெளியிட்ட ‘கேசரி’ இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக 1908-ல் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்றார். அவரை அடைத்த சிறை மாண்டலேயில் இருந்தது. 1914 வரை அவர் அங்கே இருந்தார். கீதைக்கான தம் உரையையும் அங்கேதான் எழுதினார். ரத்னகிரிக்காரர் மாண்டலேயில், மாண்டலேக்காரர் ரத்னகிரியில் என்று ஆறு ஆண்டுகள் ஒரே பேரரசு இருவரையும் இடம் மாற்றி வைத்திருந்தது.

கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, 1910-ல், குடும்பத்துக்கென்று கட்டிய மாளிகை தயாரானது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவானது. கடலையும் உப்பங்கழியையும் பார்த்தபடி மேட்டில் நிற்கும் செங்கல் நிறக் கட்டடம். உள்ளே பர்மியத் தேக்கு. இடத்தையும் அமைப்பையும் தேர்ந்தெடுப்பதில் மன்னருக்கும் பங்கு இருந்தது. ஊரார் அதை ‘திபா பேலஸ்’ என்றே இன்றும் சொல்கிறார்கள். மன்னர் அங்கே வாழ்ந்தது ஆறே ஆண்டுகள். 1912-ல் இளைய ராணி சுபயாகலே இறந்தார். உடலைப் பர்மாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று குடும்பம் கேட்டது, அரசு மறுத்தது.

இந்தக் கதையின் கனம் முழுவதும் நான்கு மகள்கள்மேல்தான் விழுகிறது. எந்தக் குற்றத்திலும் பங்கில்லாதவர்கள் அவர்கள். மூத்த இருவர் நினைவு தெளியும் முன்பே நாட்டைவிட்டு வந்தார்கள்; கடைசி இருவர் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. முறையான பள்ளிக்கல்வி இல்லை. மராத்தியும் இந்துஸ்தானியும் வேலையாட்களிடமிருந்து வந்தன. திருமணம் என்றால் அரச இரத்தமுள்ள மாப்பிள்ளை வேண்டும் என்றார் மன்னர். அப்படிப்பட்டவர்களில் பலர் 1879-ல் கொல்லப்பட்டுவிட்டார்கள். எஞ்சியவர்கள் இந்தக் குடும்பத்தோடு உறவு கொள்வதை அரசு விரும்பவில்லை. பர்மாவில் மாப்பிள்ளை தேடும் பேச்சு கோப்பிலேயே சுற்றிச்சுற்றி வந்தது. பெண்கள் முப்பது வயதை நெருங்கினார்கள், தாண்டினார்கள்.

மூத்த இளவரசி வீட்டில் காவலராக இருந்த கோபால் சாவந்த் என்ற மராத்தியரை நேசித்தார். அவருக்கு முன்பே மனைவி இருந்தார். 1906-ல் இளவரசிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குடும்பத்துக்கு அது இடி. ஆனாலும் பெற்றோர் மகளை விரட்டவில்லை. பேத்தியை வீட்டிலேயே வளர்த்தனர். கடுமைக்குப் பேர்போன சுபயாலத்தின் வாழ்க்கையில் இந்தச் செயலையும் எடைபோட வேண்டும்.

இரண்டாவது இளவரசி, தந்தையிடம் செயலாளராக இருந்த கின் மாவுங் ஜி என்பவரை மணக்க முடிவுசெய்தார். பெற்றோர் சம்மதிக்கவில்லை. 1916-ன் இறுதியில் அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். அடுத்த சில வாரங்களில், டிசம்பரில், திபா மாரடைப்பால் இறந்தார். வயது 57. மகள் போன அதிர்ச்சிதான் அவரைக் கொன்றது என்று குடும்பத்தார் நம்பினார்கள். முப்பது ஆண்டுக் காவல் அவர் நெஞ்சை அதற்கு முன்பே தேய்த்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் இறந்த மூன்றாவது மாதம், 1917 மார்ச்சில், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்தார். அவருக்கும் நான்கு மகள்கள்: ஓல்கா, தத்தியானா, மரியா, அனஸ்தாசியா. கடைசியில் பிறந்த மகன் அலெக்சேய்க்கு இரத்தம் உறையாத நோய். முதலில் தலைநகருக்கு அருகே மாளிகைக் காவல், பிறகு சைபீரியாவின் தபோல்ஸ்க், கடைசியாக யெக்கத்தெரின்பர்க் நகரில் இப்பாத்தியேவ் என்ற பொறியாளரின் வீடு. 1918 ஜூலை 17 அதிகாலையில் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடும்பம் முழுவதும், உடனிருந்த நான்கு பணியாளர்களோடு, சுட்டுக் கொல்லப்பட்டது. அவர்களுக்குப் பிரிட்டனில் புகலிடம் தரும் பேச்சு 1917-ல் எழுந்தது. நிக்கோலஸின் உறவினரான ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே தயங்கியதால் அது கைவிடப்பட்டது. பதினாறே மாதத்தில் ரஷ்யக் குடும்பத்துக்கு எல்லாம் முடிந்தது. பர்மியக் குடும்பத்தை யாரும் சுடவில்லை. அவர்களுடைய பணம், பயணம், திருமணம், சாவுச்சடங்கு ஆகிய அனைத்தையும் பிறர் கையில் ஒப்படைத்து, அவர்களை உயிரோடு வைத்திருந்தார்கள். இரக்கம் என்ற சொல்லை இதற்கு எளிதாகப் பயன்படுத்திவிட முடியாது.

திபாவின் உடலை ரத்னகிரியில் புதைக்க ராணி மறுத்தார். மாண்டலேயில்தான் அடக்கம் என்றார். மன்னரின் சடலம் பர்மாவில் இறங்கினால் மக்கள் திரளுவார்கள் என்று அரசு அஞ்சியது. இரு பக்கமும் இறங்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் உடல் அப்படியே வைக்கப்பட்டிருந்தது. இளைய ராணியின் உடலும் அவ்வாறே. கடைசியில் 1919 மார்ச்சில், ராணியின் விருப்பத்துக்கு மாறாக, இருவரையும் ஊரிலேயே கல்லறை எழுப்பி அடக்கம் செய்தார்கள். அடுத்த மாதம் குடும்பத்துக்கு நாடு திரும்ப அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியும் ரங்கூன் வரைதான், மாண்டலேக்கு இல்லை.

ரங்கூனில் சுபயாலத்தைக் காணப் பழைய அரண்மனைக்காரர்கள் வந்து வணங்கிப் போனார்கள். 1925 நவம்பர் 24 அன்று அவர் இறந்தார். அவரையும் மாண்டலேயில் அடக்கம் செய்ய அரசு விடவில்லை. ஷ்வேடகோன் பகோடாவின் அடிவாரத்தில் வெண்ணிறக் கல்லறை ஒன்றில் இருக்கிறார். இறுதி ஊர்வலத்துக்குப் பெரும் கூட்டம் கூடியது.

மகள்கள் நாலு திசையில் போனார்கள். இரண்டாமவர் கணவரோடு இமயமலை அடிவாரத்துக் கலிம்போங்கில் குடியேறி, 1956-ல் இறந்தார். சென்னையில் பிறந்த மூன்றாமவர் பர்மாவில் வாழ்ந்து 1962-ல் மறைந்தார். நான்காமவர்தான் தந்தையின் வழக்கைக் கையில் எடுத்தவர். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அவர், பறித்துச்சென்ற நகைகளையும் குடும்பத்தின் உரிமைகளையும் திருப்பித் தரச் சொல்லி 1931-ல் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். அப்போது கீழ்பர்மாவில் விவசாயிகள் சாயா சான் தலைமையில் கிளர்ந்திருந்தனர். அரச வாரிசு ஒருவர் குரலெழுப்புவதை அந்த நேரத்தில் அரசு பொறுக்கவில்லை. மறு ஆண்டு அவரைக் குடும்பத்தோடு மௌல்மீனுக்கு அனுப்பியது. 1936-ல் அங்கேயே, ஐம்பது வயதைக்கூட எட்டாமல், இறந்தார்.

மூத்தவர் மட்டும் ரத்னகிரிக்கே திரும்பி வந்தார், மகளோடு. அவருக்குத் தெரிந்த ஊர் அதுதான், தெரிந்த வாழ்க்கையும் அதுதான். கையிருந்த பணம் கரைந்தது. 1947-ல், இந்தியா விடுதலை பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, வறுமையில் இறந்தார். மகள் மராத்தியப் பெண்ணாகவே வளர்ந்து, ஊரில் மோட்டார் வேலை பார்த்த ஒருவரை மணந்து, பிள்ளைகளைப் பெற்று, எளிய வீட்டில் 2000 வரை வாழ்ந்தார். பர்மிய மொழி அவருக்குத் தெரியாது. அந்த ஆண்டில் அமிதவ் கோஷின் ‘தி கிளாஸ் பேலஸ்’ நாவல் வெளிவந்து, திபா குடும்பத்தின் பெயரை உலகம் முழுவதும் படிக்கவைத்தது. 2012-ல் சுதா ஷா, நாடுகடத்தப்பட்ட பிறகான அந்தக் குடும்பத்தின் வரலாற்றைப் பல ஆண்டு ஆய்வுக்குப் பின் தனி நூலாக எழுதினார்.

பர்மா 1937 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாக ஆளப்பட்டது. தமிழ்நாட்டு நகரத்தார்களும் கூலித்தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே போய்வந்த காலம் அது. மாண்டலே அரண்மனை 1945-ல் போர்க்காலக் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. கல்கத்தா அருங்காட்சியகத்தில் வைத்திருந்த சிங்காசனம், பர்மா விடுதலை பெற்ற 1948-ல் திருப்பித் தரப்பட்டு, இன்று யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், இருக்கிறது. ரத்னகிரி மாளிகை மகாராஷ்டிரத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. மியான்மர் என்று பெயர் மாறிய பர்மாவின் அன்றைய அதிபர் தெய்ன் செய்ன் 2012 டிசம்பரில் அங்கே வந்து கல்லறையில் அஞ்சலி செலுத்தினார். 2016 டிசம்பரில், மன்னர் இறந்த நூற்றாண்டு நிறைவில், மியான்மரிலிருந்து அவருடைய வழித்தோன்றல்களும் உயர் அதிகாரிகளும் வந்து சடங்கு செய்தனர். அவர் எலும்புகளை மாண்டலேக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு அந்நாட்டில் அவ்வப்போது எழுகிறது. திபாவும் சுபயாகலேயும் இன்னும் ரத்னகிரியில்தான் இருக்கிறார்கள்.